நான்கு பக்கத்துக்குள்

பவள விழா மலருக்குப்
பள்ளி வரலாறு கேட்டார் தாளாளர் அடிகளார்.
நான்கு பக்கத்துக்குள்,
ஆயர் படத்துக்கு இடம் விட்டு.
இருபத்தாறு வருடமாய்ச் சம்பளப் பட்டியல் எழுதும் கை இது.
சரி ஃபாதர் என்றேன்.

இரும்பு பீரோவின் அடித்தட்டில்
எனக்கு முன்பே வரலாற்றைத் தின்னத் தொடங்கியிருந்தன
ராமபாணப் பூச்சிகள்.
1949க்குள் நுழைய
மூன்று தும்மல் ஆயிற்று.

தச்சநல்லூர் தாண்டி
வீடுகள் முடிந்து செங்கல் சூளை தொடங்கும் இடம்.
பனைவிட்டம் போட்ட ஓலைக் கொட்டகை.
மணிக்கு, ரயில்வேக்காரர் யாரோ கொடுத்த தண்டவாளத் துண்டு.
நிலம் நன்கொடை என்கிறது வாசல் கல்வெட்டு.
முன்னூற்று நாற்பது ரூபாய்க் கடனுக்கு
எழுதி வாங்கியது என்கிறது பத்திரம்.
இரண்டிலும் ஒரே பெயர்: தொம்மை மிக்கேல்.
நான் கல்வெட்டைப் பார்த்தே எழுதினேன்.

சேர்க்கை எண் ஒன்று வேதக்காரப் பையன் இல்லை.
இசக்கியாபிள்ளை, த/பெ உச்சிமாகாளி, சூளை வேலை,
பிறந்த தேதி 1.6.1943.
இரண்டு, மீரான்கனி, 1.6.1942.
மூன்று, இன்னாசிமுத்து. அவனும் ஜூன் ஒன்று.
அந்தப் பக்கம் முழுக்க ஜூன் ஒன்று.
வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து
இடது காதைத் தொடச் சொல்லி
வருடம் போட்டிருக்கிறார் ஞானாதிக்கம் வாத்தியார்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளை
ஒரே காலையில் பிறக்க வைத்தவர்,
மறுநாள் விடுப்பு எடுத்ததாகக் குறிப்பு இல்லை.

பிறகு நாட்குறிப்பு.
1957 ஆகஸ்ட் 19, திங்கள்.
மாதா சப்பரம் எந்தத் தெருவுக்குள் வரலாம் என்று
அடிதடி நடந்து நாலு நாள்.
'கிழக்கு வராண்டாவில் பானை உடைந்தது.
உடைத்தவர் தெரியவில்லை.
இனி ஒரே பானை.'

கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று என்று
எட்டு வருடமாய்ப் பானைகள் இருந்ததற்கு
அதற்கு முன் ஒரு வரி கிடையாது.
உடைந்த பிறகுதான் இருந்தது தெரிகிறது.

அடுத்த பத்து நாளில்
பதினோரு மாற்றுச் சான்றிதழ்.
காரணம்: பெற்றோர் விருப்பம்.
பதினொன்றும் ஞானஸ்நானம் வாங்கிய பெயர்கள்,
கோயிலில் முன்பக்கம் முழங்கால் போடும் வீடுகள்.
எட்டாவது பெயர் என் பெரியப்பா.

மூன்றாம் பக்கத்தில் இதை எழுதிக் கொடுத்தேன்.
அடிகளார் கோபப்படவில்லை.
பச்சை மையில் மெல்லிசாய் ஒரு கோடு.
"இடம் காணாது, அற்புதம்."
அந்த இடத்தில்
எழுபத்தெட்டில் வந்த மேல்நிலை வகுப்பு,
தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில்
நானூறு பேர் இங்கே படுத்துக் கிடந்தது,
கணினி அறை, கழிப்பறை, நூற்றுக்கு நூறு.
எல்லாம் உண்மைதான்.

போன வியாழக்கிழமை ஒருவர் வந்தார்.
மகள் சார்ஜாவில். பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.
ஆதாரில் பிறந்த தேதி தப்பு.
சேர்க்கை எண் 212, வேதக்கண்,
ஏழாம் வகுப்போடு நின்றவர்.
ஜூன் ஒன்று என்றதும் சிரித்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அந்தப் பானை விசயம் எழுதியிருக்கா வே?"
மூணு வரி இருக்கு என்றேன்.
"பேரு?"
இல்லை.

கிழக்கு வராண்டாவை எட்டிப் பார்த்தார்.
அங்கே குளிர்நீர் எந்திரம்,
ஏப்ரலில் இருந்து பழுது.
"நான் உடைக்கல.
அன்னைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடமே வரல.
ஆனா இத்தன வருசத்துல
யாரும் கேட்டு வரலன்னா
எம்பேரையே போட்டுக்கிடும்."

மலர் அச்சுக்குப் போய்விட்டது.
சான்றிதழ் நகல் என் முன்னால் இருந்தது.
பெயர், தேதி, வகுப்பு, எல்லாம் நிரப்பியாயிற்று.
நடத்தை என்ற கட்டம் மட்டும் பாக்கி.
'நன்று' என்று எழுதுவது வழக்கம்.
அவர் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.
நான் பேனாவைத் திறந்தபடி
வைத்துக்கொண்டிருந்தேன்.